பழவேற்காட்டில் எங்கே சாப்பிடலாம்?

"பழவேற்காடு போறோம், நல்ல ஹோட்டலா ஒண்ணு சொல்லுங்க." டிசம்பர் நெருங்கினால் போதும், எனக்கு இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். நீங்கள் நினைக்கிற மாதிரி ஹோட்டல் அங்கே கிடையாது என்பதுதான் பதில். ஏசி அறையும் மெனு அட்டையும் கை துடைக்க டிஷ்யூவும் வேண்டுமென்றால் பொன்னேரியிலோ தச்சூர் கூட்டுரோட்டுப் பக்கமோ வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள். ஏரியைப் பாருங்கள், டச்சுக்காரர்களின் கல்லறையைப் பாருங்கள், திரும்பி வாருங்கள். ஆனால் சாப்பிடுவதற்காகவே போகிறீர்கள் என்றால் சொல்ல நிறைய இருக்கிறது.

தீவு, கடற்கரை என்று விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் அறையைப் பிடிப்பார்கள், அப்புறம் அந்த அறைக்குப் பக்கத்தில் சாப்பாட்டைத் தேடுவார்கள். மாலத்தீவு மாதிரி இடங்களில் அது சரி. அங்கே சூரை மீனைத் தவிர தட்டில் இருப்பதில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குவது. ஹோட்டல் இல்லையென்றால் சாப்பாடும் இல்லை. பழவேற்காட்டில் கதை தலைகீழ். சாப்பாடு ஏரி நிறையக் கிடக்கிறது, அதைப் பரிமாற ஆள்தான் இல்லை. விடியற்காலையில் கரைக்கு வருகிற நல்ல சரக்கு காலைப் பலகாரம் முடிவதற்குள் ஐஸ் பெட்டியில் ஏறிச் சென்னைக்குக் கிளம்பிவிடும். சேற்று நண்டு இன்னும் ஒரு படி மேல். காலைக் கட்டி உயிரோடு விமானத்தில் ஏற்றி சிங்கப்பூருக்கே அனுப்பிவிடுவார்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்குக் காரை நிறுத்திவிட்டு "என்ன இருக்கு?" என்று கேட்கிறவருக்குக் கிடைப்பது மிச்சம்.

ஆகவே எங்கே சாப்பிடுவது என்பதைவிட எத்தனை மணிக்குப் போய் நிற்பது என்பதுதான் முக்கியம். ஆறரை மணிக்குள் ஏலம் நடக்கும் கரையில் நில்லுங்கள்.

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். ரயிலில் போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் பொன்னேரியில் இறங்கி அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். ஆனால் முதல் ரயிலில் போனாலும் ஏலத்தின் வால்தான் கிடைக்கும். வண்டி இருந்தால் நாலரைக்குக் கிளம்புங்கள். மீஞ்சூர் வழி பார்க்கச் சுருக்கமாகத் தெரியும், நம்ப வேண்டாம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். செங்குன்றம், தச்சூர், பொன்னேரி என்று போவதே நிம்மதி.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இங்கே இரண்டு தண்ணீர். ஒன்று கடல், இன்னொன்று ஏரி. இரண்டுக்கும் நடுவில் நீளமான மணல் திட்டு. வடக்கே அது ஸ்ரீஹரிகோட்டா தீவாக விரிகிறது, தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கம் போகிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. நீர் ஏறியிருக்கும்போது சுமார் 450 சதுர கிலோமீட்டர், இறங்கிவிட்டால் 250 அளவுக்குச் சுருங்கிவிடும். பெரும்பகுதி ஆந்திராவில், நமக்குக் கிடைத்தது தெற்கு மூலை. ஆனால் கடல் உள்ளே வந்து போகிற முகத்துவாரம் ஒன்று இந்த மூலையில் இருக்கிறது, அதனால் சாப்பாட்டுக் கணக்கில் நமக்கு நஷ்டமில்லை.

முகத்துவாரத்துக்கும் உங்கள் தட்டுக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சு ஏற்றத்தோடு ஏரிக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த சேற்றில் தின்று கொழுத்து, பருவம் வந்ததும் வற்றத்தோடு கடலுக்குத் திரும்பும். திரும்பும் வழியில் இரவில் வலை கட்டிக் காத்திருப்பார்கள். எந்த இடத்தில் யார், எந்த முறையில் வலை கட்டுவது என்பதற்குப் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. நல்ல இடத்தை வலுத்தவன் வளைத்துக்கொள்ளாமல், தலைக்கட்டுக் கணக்கில் சீட்டு எழுதிப் போட்டு முறை வைத்துப் போவார்கள். இன்றைக்கு நல்ல இடம் என்றால் அடுத்த முறை சுமாரான இடம். கேட்க அழகாக இருக்கும். ஆனால் பாட்டுக்கு வெளியே நிற்கிறவர்களும் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் பங்கில்லாத தலித் குடும்பங்கள் சில உண்டு. இருளர்களோ இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். வலையில்லை, படகில்லை. கரையில் சின்னக் கூறுகளாக வைத்து விற்கும் இறாலில் அந்தக் கைகள் பிடித்ததும் உண்டு. நசுங்காமல் உயிரோடு துள்ளும். நான் வாங்குவது அதைத்தான்.

ஏரி இறாலா கடல் இறாலா என்று கட்டாயம் கேளுங்கள். விற்கிற அக்கா "ஏரி எறாம்மா, பாரு எப்படி மினுக்குது" என்பார். ஏரி இறால் பெரும்பாலும் சிறிசு, ஓடு மெல்லிசு, வெந்ததும் ஒரு தித்திப்பு வரும். கடல் இறால் பெரிசாக இருக்கும், பார்வைக்கு எடுப்பு, குழம்பில் போட்டால் கொஞ்சம் திமிர் பிடித்த மாதிரி தனியாகவே நிற்கும். எண்ணெயில் முறுக வறுப்பதற்குக் கடல் இறால். கத்திரிக்காயோடும் முருங்கைக்காயோடும் சேர்த்துத் தொக்காக்குவதற்கு ஏரி இறால். இதில் எனக்கும் என் மாமியாருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

அத்தை ராயபுரத்தில் பிறந்தவர். கூடை மீன் தெருவுக்கு வந்த காலத்திலிருந்து மீன் வாங்கிப் பழகிய கை. பழவேற்காட்டுக் கரையில் அவர் நடக்கும்போது விற்கிற பெண்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டார். கண் குழி விழாமல் இருக்க வேண்டும், வயிற்றை அழுத்தினால் விரல் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். நண்டென்றால் கவிழ்த்துப் போட்டு அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துவார். அமுங்கினால் "தண்ணி நண்டு" என்று ஒதுக்கிவிடுவார். சட்டை உரித்து அதிக நாள் ஆகாத நண்டுக்குள் சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அமாவாசை நண்டுக்குத்தான் சதை, பௌர்ணமி நண்டு பஞ்சு என்று கடற்கரையில் எல்லாரும் சொல்வார்கள். அது எந்த அளவு உண்மையோ, கட்டைவிரல் சொல்வது உண்மை. அடிவயிற்று மூடி அகலமாக, வட்டமாக இருந்தால் பெண் நண்டு, ஒடுங்கி முனையாக இருந்தால் ஆண். நண்டு மசாலாவுக்கு ஆண் நண்டின் பெரிய கொடுக்கு. முட்டையை வெளியே சுமக்கிற பெண் நண்டை வாங்காதீர்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், நீங்களாகத்தான் தள்ளி வைக்க வேண்டும்.

ஏரியின் சொந்த மீன் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் மடவையைத்தான் சொல்வேன். சென்னைக்காரர்கள் வஞ்சிரம், சங்கரா, வவ்வால் என்று பட்டியல் வைத்திருப்பார்கள். பழவேற்காட்டுக்குப் போயும் வஞ்சிரம் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அது கடல் மீன், காசிமேட்டில் இதைவிட நன்றாகவே கிடைக்கும். மடவை இந்தச் சேற்றையும் பாசியையும் தின்று வளர்வது. லேசான மண் வாடை இருக்கும், அதனால்தான் பலருக்கு ஒதுக்கம். வயிற்றுக்குள்ளிருக்கும் கறுப்புச் சவ்வைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, கல் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் வாடை போய்விடும், கொழுப்பு மட்டும் நிற்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சினையோடு வரும். அந்தச் சினையை மிளகுத்தூள் தூவித் தோசைக்கல்லில் போட்டெடுத்தால், மன்னிக்கவும், மீதிப் பதிவை எழுதவே மனம் வராது.

மடவைக்கு அடுத்து கிழங்கான். முள் தொந்தரவு அதிகமில்லாத வெள்ளைச் சதை, பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஏற்றது. கொடுவா கிடைத்தால் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். காரப்பொடி, ஊடான் போன்ற பொடி மீன்கள்தான் குப்பத்து வீடுகளில் தினசரிக் குழம்பில் கொதிப்பவை. விலையுயர்ந்ததெல்லாம் ஏலத்துக்குப் போய்விடும், வீட்டுக்கு வருவது இவைதான். ருசியில் இவை கடைசி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாங்கியாயிற்று, சமைப்பது யார்?

கரையிலேயே அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் மீனை ஆய்ந்து துண்டு போட்டுத் தருவார்கள். அதற்குத் தனிக் காசு, பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். அவர்களிடமே "சமைச்சுக் குடுக்கிறவங்க யாராச்சும் இருக்காங்களாக்கா?" என்று கேட்டால் ஆள் காட்டுவார்கள். சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் சிலர், வீட்டிலேயே செய்து கொடுப்பவர்கள் சிலர். முன்கூட்டியே எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும். எண்ணெயும் மசாலாவும் அவர்களுடையதா, சோறு உண்டா, எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு, குழம்பா வறுவலா, மொத்தம் எவ்வளவு. இதையெல்லாம் காலை ஏழு மணிக்கே பேசி மீனைக் கொடுத்துவிட்டால் பன்னிரண்டு மணிக்குச் சோறு. காரத்தைப் பற்றி மட்டும் ஒன்று. "காரம் கம்மியா" என்று சொன்னால் அவர்கள் ஊர்க் கணக்கில்தான் குறைப்பார்கள். குழந்தைகளுக்கு இரண்டு துண்டை உப்பு, மஞ்சள் மட்டும் போட்டு வறுக்கச் சொல்லித் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் ஒருமுறை அப்படிச் சாப்பிட்ட வீட்டின் குழம்பை இன்னும் அத்தை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார். மாங்காய் போட்ட குழம்பு. தேங்காய் கிடையாது, தக்காளியும் கம்மி. வெங்காயம், பூண்டு, கரைத்த புளி, வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், அவ்வளவுதான். மீனைப் போட்டபின் கரண்டியே போடவில்லை அந்த அம்மா, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. அத்தை பின்கட்டுக்கே போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, வெந்தயம் தாளிக்கலையா?" என்றார். "புது மீனுக்கு எதுக்குங்க வெந்தயம்? நாத்தம் இருந்தாத்தானே அமுக்கணும்." அத்தை வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக் குழம்பில் வெந்தயம் தாராளமாகவே விழும்.

பேச்சும் பேரமும் சரிவராதவர்களுக்குப் பாலத்தைத் தாண்டிய வழி இருக்கிறது. ஊரிலிருந்து ஏரியைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாலம், அதைத் தாண்டினால் கடற்கரை. விடுமுறை நாட்களில் வறுத்த மீன் விற்கும் தள்ளுவண்டியும் ஓலைக் கொட்டகையும் இந்தப் பக்கம் முளைக்கும். மசாலா தடவி அடுக்கியிருக்கும் மீனைக் காட்டினால் எண்ணெயில் போட்டெடுத்துத் தருவார்கள். என் விதி ஒன்றுதான்: சட்டியில் எண்ணெய் கறுத்திருந்தால் நகர்ந்துவிடுவேன். நிறம் கொட்டிச் சிவப்பேற்றிய மீனையும் தவிர்ப்பேன். அங்கே நெத்திலி வறுவல் நன்றாக இருக்கும், சின்ன மீன் சீக்கிரம் விற்றுத் தீர்வதால் பழசாக வாய்ப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே நிற்கவே இடமிருக்காது, அன்று விலையும் வேறு.

மீனே வேண்டாம் என்பவர்கள் உண்டு. பழவேற்காடு பல நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் வாழும் துறைமுக ஊர். கடைத்தெருவில் பாய் கடை பிரியாணி கிடைக்கும், காலையில் பரோட்டா சால்னாவும். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். ரமலான் மாதத்தில் போனால் பகலில் கடைகள் குறைவு, ஆனால் சாயங்காலம் நோன்புக் கஞ்சி, வடை, சமோசா என்று தெரு முழிக்கும். விருந்தினராக யார் வீட்டுக்காவது அழைத்தார்கள் என்றால் யோசிக்காமல் போங்கள். இங்கே முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளும் கூடைகளும் பெயர் போனவை. கருவாடு வாங்கினால் பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து அதில் போட்டுக் கொண்டுவாருங்கள். காருக்குள் நாற்றம் வரத்தான் செய்யும், அதற்கு ஓலை பொறுப்பல்ல.

மீன் கொடுத்துவிட்டுச் சோறு வரும்வரை நான்கைந்து மணி நேரம் கையில் இருக்கும். டச்சுக் கல்லறைக்குப் போங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். பல பத்தாண்டுகள் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமே இதுதான். துணி ஏற்றினார்கள், வெடிமருந்து செய்தார்கள், மனிதர்களையும் அடிமைகளாகப் பிடித்து இங்கிருந்து கப்பலேற்றினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர்தான். போர்ச்சுக்கீசியர் காலத்து மரபைச் சொல்லும் மகிமை மாதா கோயிலும், சிதிலமான ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் அருகிலேயே இருக்கின்றன. பெருமாள் கோயிலில் விரல்கடை அளவுச் சிற்பங்களை நின்று பார்க்க வேண்டும். அவசரப்படுகிறவர் கண்ணில் படாது.

படகு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன் சார், முகத்துவாரம் காட்டறேன்" என்று யாராவது வந்து நிற்பார். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இங்கே உல்லாசப் பயணம் வந்த ஒரே குடும்பத்து உறவுக்காரர்கள் ஏறிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. மீன்பிடிப் படகு ஆள் ஏற்றச் செய்ததல்ல. ஏரி ஆழமில்லை, சராசரி ஆள் உயரத்துக்கும் குறைவு என்று சமாதானம் சொல்வார்கள். முகத்துவாரத்தில் நீர் இழுக்கிற இழுப்புக்கு அந்தச் சராசரி தெரியாது. உயிர்க்கவசம் இல்லாத படகில் காலே வைக்காதீர்கள்.

தீவில்தான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் ஆந்திரப் பக்கம் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் சூளூர்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே சாலை போகிறது, ஆனால் தீவு இஸ்ரோவுடையது, மீன் சாப்பிட உள்ளே விட மாட்டார்கள். 2019-இலிருந்து ராக்கெட் ஏவுவதைப் பார்க்கப் பொதுமக்களுக்குப் பார்வையாளர் மாடம் வைத்திருக்கிறார்கள், முன்பதிவு வேண்டும். அந்தச் சாலையில் குளிர்காலத்தில் பூநாரைகள் இரண்டு பக்கமும் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சூளூர்பேட்டைக்குத் திரும்பி ஆந்திரா மீல்ஸ் சாப்பிடுங்கள். நெல்லூர்ச் சேப்பல புலுசு கிடைத்தால் விடாதீர்கள். மாங்காயும் புளியும் போட்டது, நம் குழம்புக்குப் பெரியம்மா மகள் முறை, காரத்தில் மட்டும் இன்னும் இரண்டு படி மேலே. மறுநாள் சாப்பிட்டால்தான் அதன் முழு ருசி என்று அவர்களே சொல்வார்கள். ஏரிக்குள் இருக்கிற இருக்கம் தீவு ஆந்திராவைச் சேர்ந்தது, பேச்சு தமிழ். அங்கே கடைத்தெருவை எதிர்பார்த்துப் போகாதீர்கள், தெரிந்தவர் வீடு இருந்தால் மட்டும் போங்கள்.

எப்போது போவது என்பது பெரிய கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேடு காய்ந்து கிடக்கும் அந்த நாட்களில் சென்னையே பழவேற்காட்டுச் சிறு படகுகளின் மீனுக்குக் கை நீட்டும், எனவே விலை ஏறும். தடையைச் சாக்கிட்டுப் பழைய ஐஸ் மீனும் கரைக்கு வரும், கட்டைவிரலை நம்புங்கள். மே மாத வெயிலில் ஏரி வற்றி உப்பு ஏறிவிடும், வடக்கே வெடித்த சேறுதான் தெரியும். அப்போது போய் "என்னங்க இது, ஏரியே இல்ல" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். ஆரணியாறும் காளங்கியும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும், படகு வெளியே போகாத நாட்கள் அதிகம். ராக்கெட் விடும் நாட்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும், அன்று கரை வெறிச்சோடும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் என்று தொலைக்காட்சியில் ஓடினால் அதை நாம் பெருமையாகப் பார்ப்போம், லைட்ஹவுஸ் குப்பத்தில் அது கூலியில்லாத நாள். ஊரில் சாவோ கோயில் திருவிழாவோ என்றாலும் ஊர்க் கட்டுப்பாடு, யாரும் வலை எடுக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கவலை. முகத்துவாரம் மணலால் தூர்ந்துகொண்டே இருக்கிறது. வாய் மூடினால் படகு கடலுக்குப் போக முடியாது, இறால் குஞ்சு உள்ளே வர முடியாது. மீனவர்கள் பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: தூர் வாருங்கள், நிரந்தரமாகக் கல் கொட்டிக் கட்டுங்கள். தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை இந்தக் குப்பங்கள் எதிர்ப்பதற்கும் காரணம் இதே மணல்தான். கடலுக்குள் ஓரிடத்தில் சுவர் கட்டினால் வடக்கே கரை அரிக்கும் என்பது இந்தக் கரையில் எல்லாரும் கண்ணால் பார்த்தது, எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் தெருப் பெயரோடு சொல்வார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது அங்கே பிடித்த மீனை வாங்க ஆளில்லை. அந்தக் கழிமுகத்தையும் பழவேற்காட்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. சாப்பாட்டுப் பதிவில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் ஓர் இருளர் அக்காவின் பறியில் அன்றைக்கு எத்தனை இறால் விழும் என்பதை முடிவு செய்வது இதெல்லாம்தான்.

இனி என் சிபாரிசு. தை, மாசியில் போங்கள். மழை ஓய்ந்திருக்கும், தண்ணீர் நிறைந்திருக்கும், பூநாரைகள் இருக்கும், இறாலும் நண்டும் நன்றாக வரும், வெயிலும் தாங்கும். ஞாயிறு வேண்டாம், செவ்வாய் அல்லது புதன் பாருங்கள். சில்லறையாகப் பணம் எடுத்துக்கொள்ளுங்கள், வலை காயவைக்கிற இடத்தில் க்யூ.ஆர். அட்டை எல்லாரிடமும் இருக்காது. குடிதண்ணீர், மீன் கொண்டுவர மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, ஐஸ் வைக்கத் தெர்மகோல் பெட்டி, உட்கார ஒரு பாய். திரும்பும்போது பிளாஸ்டிக் குப்பையை ஏரிக்கரையில் விட்டுவராதீர்கள். சமைத்துக் கொடுத்தவருக்குப் பேசிய தொகைக்கு மேல் கொஞ்சம் வையுங்கள். மீனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருந்தால் யாருக்கோ கிடைத்திருக்கும் லாபத்தில் அது ஒரு பங்குகூட இருக்காது.

அந்த மாங்காய்க் குழம்பு வீட்டு விலாசத்தை மட்டும் கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான் அவர்களால் சமைக்க முடியும். தையில் அத்தையைக் கூட்டிக்கொண்டு நாங்கள் போகிறோம்.